வெள்ளரிக்காய் புகையாது

கிளாடிஸ் காலிப் பெட்டியோடு வந்தாள்.

பெரிய பெட்டி. நான்கு சக்கரங்கள். காரின் பின்பகுதியில் அது அங்கும் இங்கும் உருளும் சத்தம் கோலாலம்பூரிலிருந்து பினாங்குப் பாலம் வரைக்கும் நான்கரை மணி நேரம் அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது. திரும்பிப் போகும்போது அந்தச் சத்தம் இருக்காது. பெட்டியில் அப்பாவின் சட்டைகள் இருக்கும். முன்சீட்டில் அப்பா இருப்பார்.

திட்டம் அதுதான்.

காரணம், பதினெட்டு விநாடி ஓடும் ஒரு குரல் பதிவு. பத்து நாளைக்கு முன் பக்கத்து வீட்டு லைலா வாட்ஸ்அப்பில் அனுப்பியது. லைலா மலாய்க்காரப் பெண், வீட்டிலேயே பலகாரம் செய்து விற்பவள். அம்மா ஜூலியானா இறந்த பிறகு, அப்பாவின் மேல் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள் என்று கிளாடிஸ்தான் அவளிடம் தன் நம்பரைக் கொடுத்திருந்தாள். அப்பாவுக்கு அது தெரியாது.

பதிவில் லைலா மலாயில் சொன்னது இவ்வளவுதான். அங்கிள் வீட்டிலிருந்து தினமும் புகை வாசம் வருகிறது. வெளியே வரைக்கும் அடிக்கிறது. கிளாடிஸ் பதறிப்போய், ஆபத்தா என்று எழுதிக் கேட்டாள். ஆபத்துதான், வயதானவர் இல்லையா என்று பதில் வந்தது.

அறுபத்தொன்பது வயது. தனி ஆள். ஒன்பதாவது மாடி. தினமும் புகை.

கிளாடிஸ் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில் தீ விபத்துகளை விசாரிக்கும் அதிகாரி. பதினோரு வருட அனுபவம். அடுப்பை மறந்துபோனவர்களின் சமையலறைகளை எத்தனையோ பார்த்தவள். கறுத்த கூரை, உருகி வழிந்த சுவிட்சு, சுவரில் அலமாரி இருந்த இடம் மட்டும் வெள்ளையாக. அந்த வரிசையில் தன் அம்மா சமைத்த சமையலறையை வைத்துப் பார்க்க அவளால் முடியவில்லை.

அன்றிரவே அப்பாவுக்குப் போன் செய்து வீட்டில் எல்லாம் சரியா என்று கேட்டிருந்தாள். எல்லாம் சரி என்றார். ஆனால் சொல்வதற்கு முன் ஒரு விநாடி தயங்கினார். அந்த மாதிரி விநாடிகளைக் கண்டுபிடித்துத்தான் அவள் சம்பளம் வாங்குகிறாள்.

*

பாலத்தில் வந்துகொண்டிருப்பதாக மகள் போனில் சொன்னதும் பால்ராஜ் ஃபிரிஜ்ஜைத் திறந்து மூன்று வெள்ளரிக்காய்களை எடுத்தார். பூலாவ் தீக்குஸ் மார்க்கெட்டில் காலையில் பொறுக்கி வாங்கியவை. ஒல்லிக் காய்கள். தடியாக இருந்தால் உள்ளே விதையும் தண்ணீரும்தான்.

அவள் எதற்கு வருகிறாள் என்று அவருக்குத் தெரியும். மருமகன் பிரவின், கோலாலம்பூரை ஒட்டிய பூச்சோங் வீட்டில் சாமான் அறையை ஒழித்து, கட்டில் போட்டுப் படம் எடுத்து அனுப்பியிருந்தான். நல்ல கட்டில். ஜன்னலும் உண்டு. ஜன்னலுக்கு வெளியே இன்னொரு வீட்டின் சுவர்.

இங்கே காலையில் தண்ணீர்மலைப் பக்கம் நடக்கப் போனால் வழியில் ஆறு பேராவது அவரை நிறுத்திப் பேசுவார்கள். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திருப்பலியில் பைபிளின் முதல் வாசகத்தை வாசிப்பவர் அவர்தான். இருபத்திரண்டு வருடங்களாக. துறைமுக அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தபோது அவரை யாரும் ஏறிட்டுப் பார்த்ததில்லை. அந்த மேடையில் நிற்கும்போது மட்டும் முந்நூறு பேர் அவர் வாயைப் பார்ப்பார்கள். பூச்சோங் போய்விட்டால் மீண்டும் வர வீடு இருக்காது. அடுத்த மாதம் வாடகைக்கு விட கிளாடிஸ் ஆளே பார்த்துவிட்டாள்.

அவர் வாக்குவாதம் செய்யத் தயாராகவில்லை. சமைக்கத் தயாரானார்.

காய்களைக் கழுவித் துடைத்தார். இரண்டு முனைகளையும் நறுக்கித் தள்ளினார். பலகையில் ஒன்றைக் கிடத்தி, அகலமான சீனக் கத்தியைப் படுக்கவைத்து, மேலே உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு.

டொக்.

காய் நீளவாக்கில் பிளந்தது. நறுக்கினால் வழவழவென்று இருக்கும், மசாலா ஒட்டாது, வழுக்கிக்கொண்டு போய்விடும். நசுக்கினால்தான் ஓரமெல்லாம் பிய்ந்து புளிப்பையும் உறைப்பையும் உள்ளே இழுக்கும். இதைச் சொல்லிக் கொடுத்தது போனில் வந்த ஒரு வீடியோ. முகம் காட்டாத ஒரு சீனப் பெண். பேச்சே கிடையாது, இரண்டு கைகள் மட்டும். பால்ராஜ் அதைப் பதினோரு தடவை பார்த்திருக்கிறார்.

இரண்டாவது காயைத் தட்டியபோது வாசல் கதவு திறந்தது.

*

கிளாடிஸ் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே மூக்கை உறிஞ்சினாள்.

புகை வாசம் இல்லை. பச்சை வெள்ளரிக்காய் வாசம். அதற்கும் அடியில், வீட்டுச் சுவரிலேயே ஊறிப்போன மாதிரி, இன்னொரு வாசம். என்னவென்று பிடிபடவில்லை. பெட்டியை ஹாலில் நிறுத்திவிட்டு நேராகச் சமையலறைக்கு வந்தாள். அப்பா மூன்றாவது காயின் மேல் கத்தியை வைத்துக்கொண்டு நின்றார்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். பூச்சோங்கில் எல்லாம் தயார். முக்கியமான துணிகளையும் மருந்துகளையும் மட்டும் இன்றைக்கு எடுத்துக்கொண்டால் போதும். மீதியைப் பிரவின் லாரி வைத்து எடுத்துவிடுவான். மூன்று மணிக்குக் கிளம்பினால் இருட்டுவதற்குள் போய்விடலாம்.

பால்ராஜ் நசுங்கிய காய்களைக் கையாலேயே பிய்த்து ஒரு கிண்ணத்தில் போட்டார். ஒரு கரண்டி உப்பைத் தூவிப் பிசறினார்.

"மொதல்ல சாப்பிடு. உப்புல இது பதினஞ்சு நிமிஷம் கெடக்கணும்."

"சரி. சாப்பிட்டுட்டு பேக் பண்ணலாம் டேடி."

பதினைந்து நிமிடம். ஒரு சமையலறையைச் சோதிக்க அது அவளுக்குத் தாராளம்.

முதலில் கூரையைப் பார்த்தாள். வெள்ளை. கரிப்படலத்துக்கு அறிகுறியே இல்லை. சுவிட்சுகளைப் பார்த்தாள். எல்லாம் ஒழுங்காக இருந்தன. அடுப்பைப் பார்த்தாள். துடைத்து வைத்திருந்தது. ஓரத்தில் விரலை வைத்து இழுத்தாள். விரலில் தூசி வந்தது. எண்ணெய் இல்லை, கரி இல்லை, வெறும் தூசி. பல நாளாக யாரும் தொடாத தூசி.

அவள் குனிந்து அடுப்புக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தாள்.

கேஸ் தோங் இல்லை. சிலிண்டர் நிற்கும் இடம் காலியாக இருந்தது.

குழாய் மட்டும் இருந்தது. அழகாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு ஆணியில் மாட்டியிருந்தது.

"தோங் எங்க டேடி?"

லைலா வீட்டில் இருக்கிறது என்றார் பால்ராஜ். பலகாரம் பாதி வேகும்போது கேஸ் தீர்ந்து தீர்ந்து போகிறதென்று அவள் புலம்பிக்கொண்டிருந்தாளாம். எடுத்துக்கொள் என்று கொடுத்துவிட்டாராம்.

"எப்பலேர்ந்து?"

"ரெண்டு மாசம் ஆவுது."

கிளாடிஸ் மெல்ல நிமிர்ந்தாள். குரல் பதிவு வந்து பத்து நாள்தான் ஆகிறது. தோங் போய் இரண்டு மாதம். விறகு கிடையாது, கரியடுப்பு கிடையாது. அப்பாவுக்குச் சிகரெட் பழக்கமும் இல்லை.

கேஸே இல்லாத வீட்டில், தினமும், வெளியே வரைக்கும் புகை எப்படி வரும்?

*

வேறு வழியில்லை. சாட்சியைத்தான் கேட்க வேண்டும். அவள் போனை எடுத்து மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டாள்.

மின்விசிறி இரைச்சல். பின்னால் ஒரு குழந்தையின் அழுகை. நடுவில் லைலாவின் குரல். பால்ராஜ் பூண்டு உரித்துக்கொண்டே கேட்டார். பாதியில் உரிப்பதை நிறுத்தினார். ஆனால் அவர் முதலில் சொன்னது புகையைப் பற்றி அல்ல.

"லைலாவ வேவு பாக்க வெச்சிருக்கியாமா?"

வேவு இல்லை, கவலை என்று கிளாடிஸ் சொன்னாள். சொல்லும்போதே தன் குரல் தனக்கே பிடிக்கவில்லை. அப்பா பூண்டுப் பற்களைப் பலகையில் வரிசையாக வைத்தார். ஐந்து பற்கள். ஒவ்வொன்றையும் கத்தியால் அழுத்தி நசுக்கினார்.

பிறகு, "இன்னொரு தடவ போடு," என்றார்.

போட்டாள். அவர் காதைப் போன் அருகில் கொண்டுவந்தார். முப்பத்தைந்து வருடம் துறைமுக அலுவலகத்தில் லாரிச் சத்தத்துக்கும் கிரேன் சத்தத்துக்கும் நடுவே மலாய் கேட்டுக் கேட்டுத் தேறிய காது அது.

"இன்னொரு தடவ."

மூன்றாவது முறை முடிந்ததும் அவர் நிமிர்ந்தார். முகத்தில் சிரிப்பு வரப் பார்த்தது.

"அவ அசாப்னு சொல்லலமா. அசாம்."

கிளாடிஸ் போனைக் கையிலெடுத்தாள். தானே ஒரு முறை போட்டுக் கேட்டாள். பத்து நாளைக்கு முன் இதைக் கேட்டபோது அவள் நெடுஞ்சாலையில் கார் ஓட்டிக்கொண்டிருந்தாள். லைலா கடைசி எழுத்தில் உதட்டை மூடிவிட்டு அடுத்த வார்த்தைக்குப் போய்விடுகிறாள். ப் என்று நினைத்துக் கேட்டால் ப். ம் என்று நினைத்துக் கேட்டால் ம். அசாப் என்றால் புகை. அசாம் என்றால் புளிப்பு.

பாவு அசாம். புளிப்பு வாசம்.

"அசாம் லக்சா தின்னு வளந்த புள்ள," என்றார் பால்ராஜ். "கேஎல் போயி காதும் கெட்டுப்போச்சுலா."

பதினோரு வருடம் சாட்சிகளை விசாரித்தவள், சொந்த அப்பா விஷயத்தில் ஒரு வார்த்தையைத் திரும்பக் கேட்காமல் வீட்டையே வாடகைக்குப் பேசிவிட்டாள். ஆனாலும் ஒரு பிடி மிச்சம் இருந்தது. ஆபத்து என்று லைலாவே எழுதினாளே என்று கேட்டாள்.

பால்ராஜ் கிண்ணத்தைச் சாய்த்து, உப்புக்கு வெள்ளரிக்காய் விட்டிருந்த தண்ணீரைத் தொட்டியில் வடித்தார். அரைத் தம்ளர் இருக்கும்.

"வயித்துக்கு ஆபத்துன்னு சொல்லியிருப்பா. தெனம் என்னைப் பாத்து, புளிப்பா தின்னு குடல் அரிச்சுப்போவும்னு திட்டிக்கிட்டுதானே இருக்கா."

*

அதன்பின் நடந்ததைக் கிளாடிஸ் தன் மூக்காலேயே உறுதி செய்துகொண்டாள்.

பால்ராஜ் இன்னொரு கிண்ணத்தில் நசுக்கிய பூண்டைப் போட்டார். ஐந்து சிலிப் பாடி மிளகாயைப் பொடியாக அரிந்து சேர்த்தார். சின்ன மிளகாய்தான், ஆனால் அரியும்போதே இரண்டு பேருக்கும் தும்மல் வந்தது. இரண்டு கரண்டி கிச்சாப் என்கிற சோயா சாஸ், ஒரு கரண்டி சீனி. கடைசியாக அரிசி வினிகர், கணக்குப் பார்க்காமல். வினிகர் பூண்டின் மேல் விழுந்ததும் ஒரு நெடி எழுந்தது. நாசியில் ஏறி, கண்ணைக் கரிக்கவைத்து, ஹாலைத் தாண்டி வாசலுக்குப் போனது. அவள் உள்ளே நுழைந்தபோது பிடிபடாமல் இருந்த வாசம் இதுதான். தினமும் ஒரு வேளை என்றால் சுவரில் ஊறாமல் என்ன செய்யும்?

எள்ளெண்ணெய்க்கு அவள் அலமாரியிலிருந்த நல்லெண்ணெய்ப் போத்தலை எடுத்துக் கொடுத்தாள். அவர் தலையாட்டி மறுத்துவிட்டு, கறுப்பாக இருந்த சீன எண்ணெய்ப் போத்தலைக் காட்டினார். எள்ளை வறுத்து ஆட்டியது. நம்முடையதை ஊற்றினால் இட்டிலிப் பொடி வாசம்தான் வரும் என்றார். சில சொட்டுகள் விட்டு, எல்லாவற்றையும் வெள்ளரிக்காயின் மேல் கவிழ்த்து, கையாலேயே புரட்டினார்.

ரைஸ் குக்கரில் சோறு இருந்தது. டின் சார்டின் ஒன்றைத் திறந்தார்கள். மேசையில் உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு, பால்ராஜ் ஜெபம் சொன்னார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமான ஜெபம்.

கிளாடிஸ் முதல் துண்டை வாயில் வைத்தாள். முதலில் குளிர்ச்சி. கடித்ததும் மொறுமொறுப்பு. பிறகு புளிப்பு தாடையைப் பிடித்தது. உறைப்பு பின்னாலேயே வந்து காது வரை ஏறியது. பூண்டு மட்டும் போகாமல் நாக்கிலேயே உட்கார்ந்துகொண்டது. ஒரு வாய்ச் சோறு தின்றுவிட்டு இன்னொரு துண்டு எடுத்தாள். அதற்குப் பிறகு எண்ணவில்லை.

பாதிச் சாப்பாட்டில் அவள் கரண்டியை வைத்தாள்.

"சாரி டேடி. என் மேலதான் தப்பு. நீங்க எங்கயும் வர வேணாம்."

முடிந்தது. வீடு அவருடையது. ஞாயிற்றுக்கிழமையும் அவருடையது. பால்ராஜ் தட்டைப் பார்த்தபடி தலையை மட்டும் ஆட்டினார். கிளாடிஸுக்கு மனம் லேசாகிவிட்டது. வேறெதுவும் நினைக்காமல், பேச்சுக்காகத்தான் அடுத்ததைக் கேட்டாள்.

"தோங் கனமா இருக்குன்னா குடுத்தீங்க? மாத்துறதுக்குக் கஷ்டமா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். அவளே பதிலையும் சேர்த்துக் கொடுத்திருந்தாள். தலையை ஆட்டினாலே போதும்.

பால்ராஜ் ஒரு விநாடி தயங்கினார்.

கிளாடிஸ் அந்த விநாடியைப் பார்த்துவிட்டாள்.

"இல்லமா," என்றார்.

*

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை. காப்பிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டு, மறுநாள் வாசகத்தைச் சத்தமாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். நீளமான வாசகம், வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள். கோயிலில் பாடகர் குழு ஒத்திகைக்கு நேரமாகிவிட்டதென்று புத்தகத்தை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார். திரும்பி வந்தது இரண்டரை மணி நேரம் கழித்து. வழியில் ரொட்டிகூட வாங்கினார். கதவைத் திறந்து, சமையலறைக்குள் வரும் வரைக்கும் அவருக்கு அடுப்பு ஞாபகமே வரவில்லை.

கேத்தலின் அடி சிவப்பாகக் கனன்றுகொண்டிருந்தது. கைப்பிடி உருகி அடுப்பில் வழிந்திருந்தது. ஜன்னல் திரையின் ஓர் ஓரம் பழுப்பாகிச் சுருண்டிருந்தது. அன்று ஜன்னல் திறந்திருந்ததால் நடைபாதைப் பக்கம் யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

அடுப்பை அணைத்தார். அதில் உருகி வழிந்திருந்ததைச் சுரண்டித் துடைத்தார். கேத்தல் ஆறும் வரை காத்திருந்து கீழே கொண்டுபோய்க் குப்பையில் போட்டார். திரையையும் போட்டார். மேலே வந்ததும் லைலாவின் கதவைத் தட்டி, தோங்கை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். அன்றிலிருந்து தானாக அணைகிற ரைஸ் குக்கரும் தானாக அணைகிற மின்கேத்தலும்தான். மீதி எல்லாம் நெருப்பே வேண்டாத சாப்பாடு. வெள்ளரிக்காய்க்கு அப்படித்தான் வந்து சேர்ந்தார்.

கிளாடிஸ் குறுக்கிடாமல் கேட்டாள்.

"அன்னைக்கே ஏன் டேடி சொல்லல?"

"சொல்லியிருந்தா அன்னைக்கே பெட்டியோட வந்திருப்ப."

"அப்ப இப்ப மட்டும் ஏன் சொல்றீங்க? நான்தான் விட்டுட்டேனே."

பால்ராஜ் கிண்ணத்தின் அடியில் மிஞ்சியிருந்த பூண்டுத் துணுக்குகளைக் கரண்டியால் ஒதுக்கினார்.

"நீ சாரி சொல்லிட்ட. அத சும்மா வாங்கி வெச்சிக்க முடியலமா."

கிளாடிஸ் எழுந்து தண்ணீர் குடித்தாள். உறைப்புக்கா, வேறு எதற்காவதா என்று அவளுக்கே தெரியவில்லை. தொட்டியின் பக்கத்தில் முதுகு காட்டி நின்றபடி, வேலையில் கேட்பது போலவே வரிசையாகக் கேட்டாள். அதற்குப் பிறகு எதையாவது மறந்தாரா? குடையை ஒரு தடவை பஸ்ஸில் விட்டுவிட்டார். வீட்டுச் சாவி? இல்லை. வழி? இல்லை. ஆட்களின் பெயர்? பெயர்கள் எப்போதுமே மறக்கும், நாற்பது வயதிலும் மறந்தது. அவர் எல்லாவற்றுக்கும் தயங்காமல் பதில் சொன்னார்.

அவள் யோசித்தாள். பதினோரு வருடத்தில் எத்தனை பேர். கோப்பை மூடிய பிறகு, தனக்கு எதிரான ஒரு விவரத்தைத் தானாக வந்து சொன்னவர் ஒருவர்கூட இல்லை. மறக்கிற ஆளைத் தனியாக விடக் கூடாது, அது சரிதான். ஆனால் மறந்த அன்றைக்கே தோங்கை வீட்டைவிட்டு அனுப்பியவர் இவர். இதே சமையலறையை விசாரிக்கக் கம்பெனி அவளை அனுப்பியிருந்தால், நெருப்புக்கு இங்கே வழி இல்லை என்றுதான் எழுதியிருப்பாள்.

அவள் திரும்பினாள்.

"திங்கக்கெழம கிளினிக் போறோம். மெமரி டெஸ்ட் எடுக்கணும். நான் லீவு போட்டுட்டு இங்கயே இருக்கேன்."

"டெஸ்ட்ல ஏதாச்சும் வந்துட்டா?"

"வந்தா ரெண்டு பேரும் உக்காந்து பேசலாம். அது வரைக்கும் இந்த வீடு உங்க வீடு. மறுபடியும் ஏதாச்சும் மறந்தீங்கன்னா அன்னைக்கே எனக்கு போன் பண்ணணும்."

பால்ராஜ் ஒத்துக்கொண்டார். ஆனால் தனக்கும் ஒரு விஷயம் இருக்கிறது என்றார்.

"என்னப் பத்தி லைலாகிட்ட கேக்காதமா. என்கிட்டயே கேளு."

கிளாடிஸ் சரி என்றாள். நாற்காலியில் உட்கார்ந்து, கடைசித் துண்டு வெள்ளரிக்காயை இரண்டாகப் பிய்த்து ஒரு பாதியை அவர் தட்டில் வைத்தாள்.

"பிரஷர் மாத்திர போட்டீங்களா டேடி?"

பால்ராஜ் வாயைத் திறந்தார். மூடினார்.

"இன்னும் இல்ல," என்று சொல்லிவிட்டு, மாத்திரை எடுக்க எழுந்து போனார்.